வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற போர்க்களத்தைக் காப்பாத்த யார் காசு குடுப்பாங்க?

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். வர்ஜீனியால நீங்க இருக்கிற கம்யூனிட்டிக்குப் பின்னாடி சுமார் 60 ஏக்கர் புல்வெளி இருக்கு, ரோட்டோரத்துல "இங்க உள்நாட்டுப் போர்ல சண்டை நடந்துச்சு"ன்னு பலகை நிக்குது (1861-65-ல அமெரிக்காவோட வடக்கும் தெற்கும் மோதின போர்), நிலத்துக்காரர் வயசானவர், டேட்டா சென்டர்காரங்க வந்து அவர்கிட்ட பேசிட்டுப் போயிருக்காங்க. இந்த மாதிரி போர்க்களங்களை ஆராய்ச்சி பண்ணவும் பாதுகாக்கவும் ஃபெடரல் கவர்ன்மென்ட் காசு குடுக்குதாமே, எங்க ஹெச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்) மூலமா அப்ளை பண்ணலாமா, அது யாரோட காசு, அதுக்கு முன்னாடி நாங்களே ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கித் தேடிப் பாக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா படிக்கும்போதே தெரியுது, உங்களுக்கு உண்மையில தெரிய வேண்டியது அந்த டேட்டா சென்டரை இந்தக் காசை வெச்சு நிறுத்த முடியுமாங்கிறதுதான். ரெண்டுக்கும் பதில் வேற வேற, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். நான் தொல்லியல் படிச்சவன், வர்ஜீனியா மேரிலாண்ட் பக்கம் சர்வே வேலை பாக்குறேன், இந்த போர்க்கள கிராண்ட்ல (கவர்ன்மென்ட் மானியம்) நடக்கிற வேலைகள்ல ரொம்ப வருஷமா இருக்கேன், அப்ளிகேஷன் எழுதியும் குடுத்திருக்கேன். வக்கீல் கிடையாது, அதனால ஜோனிங் சட்டம்னு (எந்த நிலத்தை எதுக்குப் பயன்படுத்தலாம்ங்கிற விதி) வர்ற இடத்துல நான் சொல்றதைக் கடைசி வார்த்தையா எடுத்துக்காதீங்க.

முதல்ல நேர் பதில். காசு இருக்கு. நேஷனல் பார்க் சர்வீஸுக்குள்ள அமெரிக்கன் பேட்டில்ஃபீல்ட் ப்ரொடெக்‌ஷன் ப்ரோகிராம்னு ஒண்ணு இருக்கு, 1991-ல ஆரம்பிச்சாங்க, 1996-ல அதுக்குன்னு தனிச் சட்டமே வந்துச்சு. இவங்க குடுக்கிற காசுல முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு ஆராய்ச்சி, சர்வே, மேப், திட்டம் போடுறதுக்கு. இன்னொண்ணு நிலத்தையே விலைக்கு வாங்குறதுக்கு. பிற்பாடு இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும், வர்றவங்களுக்கு விளக்கிச் சொல்ற ஏற்பாடுகளுக்கும் சின்னதா ரெண்டு கிராண்ட் சேத்தாங்க, அதை இப்ப விட்டுடுவோம். தனி ஆளுக்கு எதுவும் கிடையாது, ஹெச்ஓஏ பேர்ல போறதும் நடைமுறையில வேலைக்கு ஆகாது. ஆராய்ச்சி கிராண்டுக்கு யுனிவர்சிட்டி, நான்-ப்ராஃபிட் (லாபம் பாக்காத) அமைப்பு, கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), மாநிலம், பழங்குடி அரசு இவங்கல்லாம் வரலாம். நிலம் வாங்குற கிராண்டுக்கு அரசாங்கம்னு பேர் உள்ள ஒருத்தர்தான் முன்னாடி நிக்கணும், நான்-ப்ராஃபிட் அவங்க பின்னாடி நின்னு வாங்கிக்கலாம். நீங்க பண்ண வேண்டியது இதுல ஏற்கெனவே ஊறின அமைப்பு ஒண்ணைப் பிடிக்கிறது, புதுசா ஒண்ணை ஆரம்பிக்கிறது இல்ல.

யாரோட காசுன்னு கேட்டிருந்தீங்க, அது சுவாரஸ்யமான விஷயம். நிலம் வாங்குற காசு லேண்ட் அண்ட் வாட்டர் கன்சர்வேஷன் ஃபண்டுல இருந்து வருது, 1964 சட்டத்துல உருவானது. இதுக்குள்ள வர்றது பெரும்பாலும் நீங்களும் நானும் கட்டுற வருமான வரி இல்ல, கடலுக்குள்ள எண்ணெயும் கேஸும் எடுக்கிற கம்பெனிங்க கவர்ன்மென்ட்டுக்குக் கட்டுற தொகை. 2020-ல ஒரு சட்டம் போட்டு வருஷத்துக்கு 900 மில்லியன் டாலர் இந்த ஃபண்டுக்கு நிரந்தரம்னு ஆக்கினாங்க. கேக்கப் பெரிசா இருக்கும், ஆனா அதுல காடு, பார்க், ஏரிக்கரைன்னு எல்லாரும் பங்கு கேட்டு நிப்பாங்க, நாடு முழுக்க இருக்கிற போர்க்களங்களுக்கு வந்து சேர்றது சுமார் 20 மில்லியன். ஆராய்ச்சி கிராண்ட் இன்னும் சின்னது, நாடு முழுக்க சேத்தே வருஷத்துக்கு ஒரு மில்லியன் சொச்சம்தான் ஓடிட்டு இருந்துச்சு. வருஷா வருஷம் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) போடுற பட்ஜெட்டைப் பொறுத்து ஏறும் இறங்கும், அதனால அப்ளை பண்ற வருஷத்து அறிவிப்பைப் பாக்காம யார் சொல்ற நம்பரையும் நம்பாதீங்க, நான் சொல்றதையும் சேத்துதான்.

இப்ப ஒரு சின்ன கணக்கு போடுவோம். வடக்கு வர்ஜீனியால டேட்டா சென்டருக்குன்னு ஜோன் மாத்தின நிலம் ஏக்கர் ஒரு மில்லியன் டாலருக்கு மேல போன கதை உங்களுக்கே தெரியும். 60 ஏக்கர்னா 60 மில்லியன். அதாவது முழு அமெரிக்காவுக்கும் ஒதுக்குற காசு, மூணு வருஷத்துக்கு, உங்க வீட்டுப் பின்னாடி மட்டும். நடக்கவே நடக்காது. அதோட இந்த கிராண்ட்ல நிலத்துக்கு ஃபெடரல் விதிப்படி மதிப்பீடு பண்ணணும், அந்த மதிப்புக்கு மேல ஒரு டாலர்கூட அவங்க கணக்குல வராது, மதிப்புல பாதியதான் அவங்க தருவாங்க, மிச்சப் பாதிய ஃபெடரல் அல்லாத காசா நீங்க கொண்டுவரணும். விக்கிறவர் மனசார விக்கணும், கட்டாயப்படுத்தி எடுக்கிற பேச்சே கிடையாது. நேஷனல் பார்க் எல்லைக்குள்ள இருக்கிற நிலமாவும் இருக்கக்கூடாது. அதனால கிராண்ட் வேலை செய்ற காலம்னு ஒண்ணு இருக்கு: நிலம் இன்னும் விவசாய ஜோன்ல, விவசாய விலையில இருக்கும்போது, ஓனர் யோசிச்சுக்கிட்டு இருக்கும்போது. ரீஜோனிங் ஆயிடுச்சுன்னா அதுக்கப்புறம் இந்தக் காசு வெறும் காகிதம்தான்.

இன்னொரு வாசப்படியும் இருக்கு. எந்தச் சண்டை நடந்த நிலம்னாலும் வாங்கிட மாட்டாங்க. 1990-ல காங்கிரஸ் ஒரு கமிஷன் போட்டாங்க, உள்நாட்டுப் போர்ல நடந்த 10,500 மோதல் வரைக்கும் கணக்கெடுத்து அதுல முக்கியமானதுன்னு 384 சண்டைகளை 1993-ல பட்டியல் போட்டுக் குடுத்தாங்க. அப்பவே அதுல ஏறத்தாழ ஐந்துல ஒரு பங்கு வீடும் ரோடும் வந்து காப்பாத்த முடியாத நிலைக்குப் போயிடுச்சுன்னு எழுதியிருக்காங்க. 384-ல 123 உங்க வர்ஜீனியால மட்டும். அமெரிக்கச் சுதந்திரப் போருக்கும், பிரிட்டனோட நடந்த 1812 போருக்கும் 2007-ல இதே மாதிரி இன்னொரு அறிக்கை வந்துச்சு. நிலம் வாங்குற கிராண்ட் இந்த ரெண்டு அறிக்கைல பேர் இருந்தாத்தான். பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு சண்டைக்கும் மேப்ல ரெண்டு கோடு போட்டிருப்பாங்க. வெளிக்கோடு ஸ்டடி ஏரியா, படைங்க வந்தது, நின்னது, பின்வாங்கினது எல்லாம் சேத்து. உள்கோடு கோர் ஏரியா, நிஜமா அடிச்சுக்கிட்ட இடம். உங்க புல்வெளி உள்கோட்டுல விழுதா, வெளிக்கோட்டுல விழுதா, ரெண்டுலயும் இல்லயாங்கிறதுல பாதி விஷயம் முடிஞ்சுடும். ரோட்டோரப் பலகையை வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது, பலகையை வண்டி நிறுத்த வசதியான இடத்துலதான் நடுவாங்க.

இங்கதான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறது வருது. எல்லாரும் கண்ணு வைக்கிறது அந்த நிலம் வாங்குற பெரிய காசு மேல. ஆனா பெரிய காசுக்குப் போற வழி ஆராய்ச்சிக்கு வர்ற அந்தச் சின்ன காசு வழியாத்தான். அதுக்கு சமமா உங்க காசு போடணும்னு கட்டாயம் கிடையாது, பட்டியல்ல இல்லாத சண்டைக்கும், உள்நாட்டுப் போர் அல்லாத வேற போருக்கும்கூட குடுப்பாங்க. அந்தக் காசுல வர்ற ஒரு ரிப்போர்ட்டும் ஒரு மேப்பும்தான் அப்புறம் கவுண்டி மீட்டிங்ல, மாநில ஃபண்ட்ல, நன்கொடை கேக்கிற இடத்துல எல்லாம் பேசும். அது இல்லாம போனீங்கன்னா "எங்களுக்கு இந்த வியூ பிடிச்சிருக்கு"ன்னு சொல்ற பக்கத்து வீட்டுக்காரங்களாத்தான் உங்களைப் பாப்பாங்க, அதுல தப்பும் இல்ல.

அந்த ஆராய்ச்சில என்ன பண்றோம்னு கொஞ்சம் கிட்டத்துல காட்டுறேன், ஏன்னா காசு எங்க போகுதுன்னு அப்பத்தான் புரியும். முதல் பாதி வேலை ஆஃபீஸ்லதான். அந்தக் காலத்து அதிகாரிங்க சண்டை முடிஞ்சு எழுதின ரிப்போர்ட், சிப்பாய்ங்க எழுதின கடிதம், பென்ஷன் பேப்பர், பழைய மேப் எல்லாத்தையும் படிச்சு, இன்னைக்கு இருக்கிற நிலத்து மேல வெச்சுப் பாக்கணும். ராணுவத்துல நிலத்தைப் படிக்கிற முறை ஒண்ணு இருக்கு, அதையே எடுத்து வெச்சிருக்காங்க: எந்த மேடு கையில இருந்தா சண்டைய ஆளலாம், எங்க நின்னா என்ன தெரியும், எது வரைக்கும் குண்டு பாயும், எங்க ஒளியலாம், எது தடுக்கும், எந்த வழியா வந்தான், எந்த வழியா ஓடினான். ரிப்போர்ட்ல "ஓடையைத் தாண்டி வேலிக்குப் பின்னாடி நின்னோம்"னு ஒரு வரி இருக்கும், அந்த ஓடை இன்னைக்கு ரோட்டுக்கு அடில பைப்புக்குள்ள ஓடிட்டு இருக்கும், அதைக் கண்டுபிடிக்கவே சில சமயம் ரொம்ப நாள் ஆகும்.

அப்புறம் களம். குளிர்காலத்துல புல் குட்டையா இருக்கும்போது கயிறு கட்டி வரிசை வரிசையா மெட்டல் டிடெக்டரோட நடப்போம், சத்தம் வந்த இடத்துல எல்லாம் சின்னக் கொடி குத்துவோம், தோண்டி எடுத்தது ஒவ்வொண்ணுக்கும் ஜிபிஎஸ் புள்ளி. முக்கால்வாசி டிராக்டர் போல்ட்டு, கம்பி, பீர் கேன் மூடிதான். நடுவுல வெள்ளையாப் பூத்துப்போன ஈயக் குண்டு ஒண்ணு வரும், அடில மூணு வளையம் போட்ட மினி பால். அதைக் கையில எடுத்ததும் பாக்கிறது நசுங்கியிருக்கான்னு. நசுங்காம முழுசா இருந்தா யாரோ ஒருத்தன் இங்க நின்னு துப்பாக்கிய லோடு பண்ணும்போது கை நடுங்கிக் கீழ விட்டுட்டான், அவன் நின்ன இடம் இது. நசுங்கி மூக்கு மழுங்கியிருந்தா எங்கிருந்தோ வந்து இங்க விழுந்தது, சுடப்பட்டவங்க இருந்த பக்கம் இது. முழுக் குண்டு ஒரே கோட்டுல வரிசையா வந்துச்சுன்னா படை நின்ன வரிசையே மேப்ல தெரிஞ்சிடும். பீரங்கிக்கு நெருப்பு வைக்கிற ஃப்ரிக்‌ஷன் ப்ரைமர்னு விரல் கணு நீளத்துல செம்புக் குழாய் ஒண்ணு இருக்கும், சுட்டதும் அது பீரங்கிப் பக்கத்துலயே கீழ விழுந்துடும். அது அஞ்சாறு ஒரு இடத்துல கிடைச்சா பீரங்கி நின்னது அங்கதான், அதுல வாக்குவாதத்துக்கு பெரிசா இடம் இல்ல. இந்த முறை எல்லாத்துக்கும் வேர் மொன்டானால, அமெரிக்க ராணுவமும் பழங்குடியினரும் மோதின லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்துல இருக்கு. 1983-ல அங்க புல்வெளி தீப்பிடிச்சு எரிஞ்சு தரை வெளிய தெரிஞ்சதும், 1984, 85-ல டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் இறங்கி, தோட்டா உறைல இருக்கிற ஊசித் தடத்தை போலீஸ் லேப் மாதிரி ஒப்பிட்டு ஒரே துப்பாக்கி எங்கெங்க நகர்ந்துச்சுன்னு வரைஞ்சு காட்டினாங்க. அதுவரைக்கும் போர்க்களத்துல தோண்டி என்ன கிடைக்கப்போகுதுன்னு நினைச்ச தொல்லியல்காரங்களே நிறைய பேர்.

அதனால உங்க மெட்டல் டிடெக்டர் யோசனைக்கு என் பதில், தயவுசெஞ்சு வேண்டாம். ஃபெடரல் நிலத்துல அது 1979 தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், தனியார் நிலத்துல ஓனர் சம்மதிச்சா சட்டம் தடுக்காது. ஆனா குண்டை எடுத்து பாக்கெட்ல போட்ட அந்த நிமிஷம் அது எங்க கிடந்துச்சுங்கிற ஒரே விஷயம் போயிடுது, அந்த விஷயத்துக்குத்தான் கிராண்டே குடுக்கிறாங்க. அதுக்கு மேல உயிர் பயமும் இருக்கு. வெடிக்காத பழைய குண்டுக்குள்ள மருந்து இன்னும் உயிரோட இருக்கலாம், 2008-ல வர்ஜீனியாலயே ஒருத்தர் அப்படி ஒண்ணைச் சுத்தம் பண்ணும்போது வெடிச்சு இறந்தே போனார். தோண்டி எடுத்ததோட செலவு முடியறதும் இல்ல. இரும்புத் துண்டுங்களை உப்பு எடுத்து நிலைப்படுத்தலைன்னா பெட்டிக்குள்ளயே உதிர்ந்து போகும், ரிப்போர்ட் எழுதணும், பொருளை நிரந்தரமா வைக்கிற இடத்துக்குப் பெட்டிக் கணக்குல காசு கட்டணும். முதல் தடவை அப்ளை பண்றவங்க களத்துக்கு மட்டும் பட்ஜெட் போட்டுட்டு இதை விட்டுடுவாங்க, வேலை முடியாம நிக்கிறது பெரும்பாலும் இங்கதான்.

இதுல எது உறுதி, எது சந்தேகம்னும் சொல்லிடணும். பீரங்கி நின்ன இடம், குண்டு பாஞ்ச திசை, இதெல்லாம் ஓரளவு உறுதியாச் சொல்லலாம். எந்தப் பக்கத்துக்காரன் சுட்டான்ங்கிறது அவ்வளவு சுலபம் இல்ல, இங்கிலாந்துல செஞ்ச என்ஃபீல்ட் துப்பாக்கிய ரெண்டு பக்கமுமே வெச்சிருந்தாங்க, குண்டு மட்டும் வெச்சுக் கொடி சொல்ல முடியாது. ஒண்ணுமே கிடைக்கலைன்னா சண்டை நடக்கலன்னும் அர்த்தம் இல்ல, 150 வருஷமா ஏர் ஓட்டியிருக்காங்க, பல தலைமுறையா ஞாபகப் பொருள் தேடுறவங்க வாரிக்கிட்டுப் போயிருக்காங்க. அதே மாதிரி நிறையக் கிடைச்சாலும் அது சண்டையா இல்ல படை மாசக்கணக்கா முகாம் போட்டுக் கிடந்த இடமான்னு பிரிச்சுப் பாக்கணும், முகாம்லயும் குண்டு கொட்டிக் கிடக்கும். மேப்ல போடுற எல்லைக்கோடு இருக்கே, அது கணக்கு இல்ல, ஒரு தீர்ப்பு. படிச்ச ரெண்டு பேர் நூறு கஜம் தள்ளித் தள்ளிக் கோடு போடலாம், அந்த நூறு கஜத்துல உங்க புல்வெளியோட ஒரு நல்ல பகுதி உள்ளயோ வெளியயோ போயிடலாம்.

சின்ன ஆராய்ச்சி எப்படிப் பெரிய காசைக் கொண்டுவரும்ங்கிறதுக்கு நியூ ஜெர்சில இருக்கிற ப்ரின்ஸ்டனைப் பாருங்க. 1777 ஜனவரி 3, வாஷிங்டன் ராத்திரியோட ராத்திரியா படையை நகர்த்தி பிரிட்டிஷ் ஜெனரல் கார்ன்வாலிஸ் கண்ணுல மண்ணைத் தூவிட்டு அங்க போய் அடிச்ச சண்டை. (அதே கார்ன்வாலிஸ்தான் 1792-ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவோட ரெண்டு பிள்ளைங்களைப் பிணையா வாங்கினவர்.) அந்தப் போர்க்களப் பார்க்கை ஒட்டி இருந்த நிலம் ஐன்ஸ்டீன் வேலை பாத்த இன்ஸ்டிட்யூட் ஃபார் அட்வான்ஸ்டு ஸ்டடிக்குச் சொந்தம், அவங்க பேராசிரியர்களுக்கு வீடு கட்ட நினைச்சாங்க. 2010-ல இந்த ஃபெடரல் ஆராய்ச்சி கிராண்ட்ல ஒரு ஸ்டடி வந்துச்சு, ரெண்டு பக்கத்து ஆவணங்களையும் நிலத்து மேல வெச்சுப் பாத்து, வாஷிங்டனோட எதிர்த்தாக்குதல் நடந்ததே அந்த வீடு கட்டப்போற நிலத்துலதான்னு சொன்னாங்க. இன்ஸ்டிட்யூட் தரப்பு அதை ஒத்துக்கல, வழக்கு, மீட்டிங், கடிதம்னு பல வருஷம் இழுத்துச்சு. கடைசில 2016-ல சிவில் வார் ட்ரஸ்ட் (இப்ப அமெரிக்கன் பேட்டில்ஃபீல்ட் ட்ரஸ்ட்னு பேர் மாத்திக்கிட்ட அமைப்பு) 4 மில்லியன் டாலருக்கு சுமார் 15 ஏக்கரை வாங்குறதா ஒப்பந்தம் போட்டு, 2018-ல மாநிலப் பார்க்கோட சேக்கிறதுக்காக நிலம் கைமாறிச்சு. அந்த ரிப்போர்ட் இல்லாம 15 ஏக்கருக்கு 4 மில்லியன் திரட்ட எந்த அமைப்பாலயும் முடிஞ்சிருக்காதுன்னு நான் நினைக்கிறேன், இது என் அபிப்பிராயம்தான்.

ஆராய்ச்சி பண்ணாம இடத்தை முடிவு பண்ணா என்ன ஆகும்ங்கிறதுக்கு இங்கிலாந்துல பாஸ்வொர்த். 1485-ல மூணாம் ரிச்சர்ட் செத்த சண்டை. ஆம்பியன் குன்றுலதான் நடந்துச்சுன்னு காலங்காலமா நம்பி, அங்க கொடிக்கம்பம், விசிட்டர் சென்டர் எல்லாம் கட்டிட்டாங்க. அப்புறம் லாட்டரி ஃபண்டுல இருந்து காசு குடுத்து 2005-ல இருந்து வருஷக்கணக்கா சர்வே பண்ணாங்க. ஈய பீரங்கிக் குண்டுங்களும், ரிச்சர்டோட காட்டுப்பன்றி சின்னம் போட்ட குட்டி வெள்ளி பேட்ஜும் கிடைச்சது எங்கன்னா விசிட்டர் சென்டர்ல இருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி. யாராவது அவசரப்பட்டு குன்றைச் சுத்தி நிலம் வாங்கியிருந்தா காசு அத்தனையும் பக்கத்து வயலுக்குப் போயிருக்கும்.

கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்துல இந்தச் சின்ன காசு இன்னும் நல்லா வேலை செய்யும். கனெக்டிகட்ல மஷான்டக்கெட் பீக்வாட் பழங்குடியினரோட மியூசியம் இதே கிராண்ட் வாங்கி 1637 பீக்வாட் போர் நடந்த இடங்களைத் தேடியிருக்காங்க. மிஸ்டிக் கோட்டைய எரிச்சிட்டு ஆங்கிலேயப் படை கப்பலை நோக்கித் திரும்பின பாதைய மஸ்கெட் குண்டையும் பித்தளை அம்பு முனையையும் தொடர்ந்து போயே வரைஞ்சுட்டாங்க. வீடுங்களோட கொல்லைல, தெரு ஓரத்துலன்னு. ஜெயிச்சவன் எழுதினது மட்டுமே இருந்த சண்டைக்குத் தோத்தவங்க வாரிசுங்க மண்ணுல இருந்து சாட்சி எடுத்த வேலை அது. பெரிய காசு எப்பவும் பேர்பெற்ற ஜெனரல் பின்னாடிதான் ஓடும், அது இந்தத் துறைல இருக்கிற நிஜமான குறை. ரிச்மண்டுக்குப் பக்கத்துல நியூ மார்க்கெட் ஹைட்ஸ்ல 1864 செப்டம்பர் 29 நடந்த சண்டைக்கு 14 கறுப்பினச் சிப்பாய்ங்களுக்கு மெடல் ஆஃப் ஹானர் (அமெரிக்காவோட உயர்ந்த ராணுவ விருது) குடுத்தாங்க, கெட்டிஸ்பர்க்குக்கு ஓடின கவனத்துல நூத்துல ஒரு பங்கு அங்க ஓடல.

சரி, பாதிக் காசு ஃபெடரல்னா மிச்சப் பாதி எங்கிருந்து? வர்ஜீனியால இதுக்கு நீங்க அதிர்ஷ்டசாலிங்க. மாநிலத்துக்குன்னே போர்க்களப் பாதுகாப்பு ஃபண்ட் ஒண்ணு இருக்கு, டிபார்ட்மென்ட் ஆஃப் ஹிஸ்டாரிக் ரிசோர்சஸ் மூலமா வருது. மாநிலக் காசு ஃபெடரல் இல்லங்கிறதால அதையே ஃபெடரல் கிராண்டுக்கு ஈடாக் காட்டலாம். நன்கொடை கேட்டு வர்ற கடிதங்கள்ல "உங்க ஒரு டாலர் நாலு டாலர் ஆகும்"னு போட்டிருக்குமே, ஏமாத்து வேலை இல்ல, இந்த அடுக்குதான் அது. காசு குடுக்கிற எல்லாரும் ஒரே நிபந்தனை போடுவாங்க, நிலம் இனி என்னைக்கும் இப்படியே இருக்கணும்னு ஈஸ்மென்ட் (நிலத்தோட பயன்பாட்டைக் கட்டுப்படுத்துற சட்டப் பத்திரம்) பதிவு பண்ணணும். ஃபெடரல் காசுல வாங்கின நிலத்தை நாளைக்கு வேற எதுக்காவது மாத்தணும்னா வாஷிங்டன்ல அனுமதி வாங்கணும், சம மதிப்புள்ள வேற நிலத்தை ஈடாக் குடுக்கணும்.

உங்க பக்கத்து நிலத்துக்காரருக்கு இதுல தெரிய வேண்டியது ஒண்ணு இருக்கு, அனேகமா யாரும் அவர்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. நிலத்தை விக்காமலே, அவரும் அவர் பிள்ளைங்களும் அங்கயே இருந்துக்கிட்டு, கட்டடம் கட்டுற உரிமைய மட்டும் ஈஸ்மென்ட்டா விட்டுக்குடுக்கலாம். அதுக்கு கிராண்ட்ல இருந்து காசும் வாங்கலாம், இல்ல தானமாக் குடுத்துட்டு அந்த மதிப்புல 40 சதவீதம் வர்ஜீனியா வருமான வரில கழிச்சுக்கலாம், அவருக்கு அவ்வளவு வரியே இல்லைன்னா அந்தக் க்ரெடிட்டை வேற ஒருத்தருக்கு விக்கவும் செய்யலாம். டேட்டா சென்டர் குடுக்கிற விலைக்கு இது ஈடாகாது, அதை மறைக்காதீங்க. ஆனா பரம்பரை நிலத்தை விடமாட்டேன், கையிலயும் காசு இல்லைன்னு நிக்கிற பெரியவங்களுக்கு இது ஒரு வழி. ரெண்டு தலைமுறையா உழுத நிலத்தைப் பத்தி முந்தாநேத்து குடிவந்த நாம போய்ப் பேசுறோம்ங்கிறதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டுப் போங்க.

இப்ப டேட்டா சென்டரை நிறுத்துற கேள்வி. கிராண்ட் எதையும் நிறுத்தாது. நேஷனல் ரெஜிஸ்டர்ல (வரலாற்று இடங்களோட ஃபெடரல் பட்டியல்) பேர் ஏறினாக்கூட தனியார் ஓனர் தன் காசுல தன் நிலத்துல கட்டுறதை அது தடுக்காது, இது நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். 1966 தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்துல 106-ஆவது பிரிவுன்னு ஒண்ணு உண்டு, ஃபெடரல் காசோ அனுமதியோ உள்ள வேலைன்னா வரலாற்றுப் பாதிப்பைப் பாத்தே ஆகணும். அந்தப் புல்வெளில ஓடையோ சதுப்போ இருந்து அதை நிரப்ப ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் அனுமதி வேணும்னா இந்தக் கதவு திறக்கும். திறந்தாலும் அது யோசிச்சுப் பண்ணச் சொல்லுமே தவிர பண்ணாதேன்னு சொல்லாது. நிஜமான பிடி கவுண்டி போர்டு கையிலதான், ரீஜோனிங் ஓட்டுல.

பெரிய இடங்கள்லயே பாருங்க. 1988-ல மனாசஸ் போர்க்களம் பக்கத்துல ஷாப்பிங் மால் வரப்போய் ஊரே கொதிச்சு, கடைசில காங்கிரஸ் சட்டம் போட்டு 542 ஏக்கரை எடுத்துக்கிச்சு, கோர்ட் முடிவுபண்ணின இழப்பீடு 100 மில்லியனைத் தாண்டிடுச்சு. அந்த மாதிரி இன்னொரு தடவை பண்ண யாருக்கும் தைரியம் வரல, மனசார விக்கிறவர்கிட்ட மட்டும் வாங்கணும்ங்கிற விதி இறுகினதுல இந்தச் செலவுக்கும் பங்கு உண்டுன்னு எங்க துறைல பேசிக்குவாங்க. வில்டர்னஸ் போர்க்களத்துக்கு வாசல்ல வால்மார்ட் வரலாம்னு 2009-ல கவுண்டி அனுமதியே குடுத்துட்டாங்க. கேஸ் போட்டு, சரித்திரக்காரங்க எல்லாம் கையெழுத்துப் போட்டு, 2011 ஜனவரில விசாரணை தொடங்குற நேரத்துல வால்மார்ட்டே பின்வாங்கி வேற இடம் போயிட்டாங்க. ரெண்டுலயும் நிறுத்தினது கிராண்ட் இல்ல, ஆனா ரெண்டுலயும் "இந்த இடத்துல என்ன நடந்துச்சு"ன்னு சொல்ல ஆவணமும் மேப்பும் கையில இருந்துச்சு.

கட்டினதுக்கு அப்புறம் மீட்க முடியாதான்னா, முடியும், வயித்தெரிச்சல்தான் மிஞ்சும். டென்னசில ஃப்ராங்க்ளின் ஊர், 1864 நவம்பர் 30-ல ஒரே சாயங்காலத்துல ஆயிரக்கணக்கானவங்க விழுந்த இடம், ஆறு கான்ஃபெடரேட் (தெற்குப் பக்க) ஜெனரல்ங்க அதுல செத்தாங்க. அந்த இடத்து மேல ஊர் வளந்து, க்ளீபர்ன்ங்கிற ஜெனரல் விழுந்த இடத்துக்கிட்ட ஒரு பிட்ஸா ஹட் நின்னுச்சு. 2005-ல அதை விலைக்கு வாங்கி இடிச்சு, இன்னைக்கு அங்க சின்னப் பார்க். அதே ஊர்ல ஒரு கோல்ஃப் மைதானத்தையும் 5 மில்லியனுக்கு சிட்டி பாதி, வெளிய திரட்டினது பாதின்னு போட்டு வாங்கினாங்க. கடை, வீடுன்னு ஒவ்வொண்ணா வாங்கி இடிச்சு மண்ணைச் சமன் பண்ற அந்த வேலை இருபது வருஷம் ஆகியும் முடியல, வயலா இருந்தப்ப வாங்கியிருந்தா ஆகியிருக்கிற செலவோட ஒப்பிட்டுப் பாத்தா தலை சுத்தும்.

கவுண்டி மீட்டிங்ல "டூரிசம் வரும், வருமானம் வரும்"னு மட்டும் வாதாடாதீங்க. பார்க் பக்கத்துல ஹோட்டல், சாப்பாட்டுக்கடைக்கு வருமானம் வருதுங்கிறது உண்மை, ஆனா சுத்திவர்ற டூரிசம் அறிக்கைகள் நிறைய பாதுகாப்பு அமைப்புங்களே எடுக்கச் சொன்னது, அதுவும் பேர்பெற்ற களங்களுக்குத்தான் பொருந்தும். பலகை ஒண்ணு நிக்கிற 60 ஏக்கருக்கு வருஷத்துக்கு எத்தனை பேர் வந்துடப் போறாங்க? டேட்டா சென்டர் கட்டுற வரியோட மோதினா நீங்க தோப்பீங்க. அந்த மண்ணுல என்ன இருக்குன்னு இன்னும் யாரும் பாக்கல, பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னு கேளுங்க. எந்த போர்டுக்கும் அதுக்கு இல்லைன்னு சொல்றது கொஞ்சம் சங்கடம்தான், ரீஜோனிங்கோட நிபந்தனையாவே தொல்லியல் சர்வே பண்ணணும், ஒரு பகுதிய காலியா விடணும்னு போட வைக்கலாம். முழு வெற்றி இல்ல, ஆனா நான் பாத்ததுல அடிக்கடி கிடைக்கிறது இதுதான்.

இந்த வாரம் என்ன பண்ணலாம்னா, டிபார்ட்மென்ட் ஆஃப் ஹிஸ்டாரிக் ரிசோர்சஸ்க்கு நிலத்தோட பார்சல் நம்பரோட (நம்ம ஊர் சர்வே நம்பர் மாதிரி) ஒரு மெயில் போட்டு இது எந்தச் சண்டையோட கோர் ஏரியா, ஸ்டடி ஏரியாக்குள்ள வருது, இதுக்கு முன்னாடி சர்வே ஏதாவது நடந்திருக்கான்னு கேளுங்க, பதில் குடுப்பாங்க. அதை வெச்சுக்கிட்டு உங்க பகுதில வேலை பாக்கிற அமைப்பைப் பிடிங்க, பள்ளத்தாக்கு பக்கம்னா ஷெனண்டோவா வேலி பேட்டில்ஃபீல்ட்ஸ் ஃபவுண்டேஷன், ஃப்ரெடரிக்ஸ்பர்க் பக்கம்னா சென்ட்ரல் வர்ஜீனியா பேட்டில்ஃபீல்ட்ஸ் ட்ரஸ்ட், பெரிசாப் போகணும்னா அமெரிக்கன் பேட்டில்ஃபீல்ட் ட்ரஸ்ட். நன்கொடை குடுக்கிறதா இருந்தா பொதுவாக் குடுக்காம இந்த நிலத்துக்குன்னு ஃபண்ட் திறந்ததும் குடுங்க. ரீஜோனிங் ஹியரிங் தேதி போட்டுட்டாங்களான்னு கவுண்டி வெப்சைட்ல பாத்துட்டு, நிலத்தோட இப்போதைய ஜோன் என்னன்னும் சேத்து இங்கயே போடுங்க. விவசாய ஜோன்ல இருந்து தேதி இன்னும் வரலைன்னா ஆராய்ச்சி கிராண்டுக்கு யாரை முன்னாடி நிறுத்தலாம்னு மேற்கொண்டு சொல்றேன், தேதி வந்துடுச்சுன்னா முதல்ல வக்கீலைப் பாருங்க.